பனியுலகங்களும் ஒளிச் சான்றும்

நல்லதண்ணி வழியாகச் சிவனொளிபாத மலையேறுவோர், விடியற்காலையில் உச்சியில் நின்று மேற்றிசையை நோக்குவது வழக்கம். கீழ்த்திசையிற் கதிரவன் எழுந்தவுடன், மலையின் நிழல் மேற்கே பரந்த மூடுபனியின்மீது ஒரு முக்கோணமாக விழும். கூர்ங்கோபுரம் போல் உயர்ந்த மலைக்கு முக்கோண நிழல் அமைவது இயல்பே என்று காண்போர் கருதுவர். ஆயின், எவ்வடிவமுடைய மலையாயினும், அதன் உச்சியில் நின்று நோக்குவார்க்கு நெடிய நிழல் தொலைவிற் குறுகி முக்கோணமாகவே தோன்றும் என்பது ஒளியியலார் கண்ட முடிவு. புகையிரதப் பாதையின் இரு தண்டவாளங்களும் தொலைவில் ஒன்றுகூடுவனபோற் காணப்படுவதும் இத்தகையதே. நிழல் மெய்யானது; அது முக்கோணமாகக் காணப்படுவதும் மெய்யே. மலையும் முக்கோணமானது என்று நிழலைக்கொண்டு முடிவுகட்டுவதே பிழை. இங்கு மலை கூர்மையாக இருப்பதனால் முடிவு சரியாகிவிடுகின்றது. முடிவுக்குச் சென்ற வழி சரியாகிவிடவில்லை.

இவ்வேறுபாட்டை மனத்திற் கொண்டு நோக்குதற்குரிய துறை ஒன்றுண்டு. ஞாயிற்றுக் குடும்பத்தின் புறவெல்லையிலே, வியாழனுக்கும் அப்பால், பனிக்கட்டியாற் போர்க்கப்பட்ட உலகங்கள் பல உள. வியாழனின் உபகோள்களாகிய யூரோப்பா, கனிமீட், கலிஸ்ரோ என்பனவும், சனியின் உபகோள்களும், நெப்தியூனின் திரைற்றனும், புளூட்டோவும், அதற்கப்பாலுள்ள எண்ணிறந்த சிறு பொருள்களும் அவ்வினத்தைச் சேர்ந்தவை. அவற்றுட் பெரும்பாலானவற்றின் மேற்பரப்பில் மனிதனின் கருவி எதுவும் இறங்கியதில்லை. 2005 ஆம் ஆண்டிற் சனியின் தைத்தானில் இறங்கிய ஹைகன்சு என்னுங் கலமொன்றே இதற்கு விலக்கு. எனவே அம்மேற்பரப்புக்களில் இன்னின்ன பொருள்கள் உள்ளன என்று எழுதப்படும் ஒவ்வொரு வாக்கியத்துக்கும் ஆதாரமாய் நிற்பது, பெரும்பாலும், அங்கிருந்து தெறித்து வரும் ஞாயிற்றொளியே. அந்த ஒளி கூறியது எவ்வளவு, அதனை வாசித்தோர் கூட்டியது எவ்வளவு என்று பிரித்துக் காண்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

தமிழில் இத்துறைபற்றி எழுதப்படுவனவற்றில் இப்பிரிவினை பெரும்பாலும் காணப்படுவதில்லை. "யூரோப்பாவிற் பனிக்கட்டி உண்டு", "புளூட்டோவில் மெதேன் உண்டு" என்று முடிவுகள் மாத்திரம் வரிசையாய் வைக்கப்படுகின்றன. எவ்வாறு அறியப்பட்டது, எத்துணை உறுதியுடன் அறியப்பட்டது என்னும் வினாக்கள் எழுவதற்கு இடமில்லை. ஆய்வுகூடமில்லாத மலைநாட்டுப் பாடசாலையிற் பயிலும் மாணவனுக்கு இக்குறை பெரிதும் தீங்கு செய்வது. அவன் பரிசோதனையைக் கண்ணாற் காணும் வாய்ப்பற்றவன். பரிசோதனையின் நியாயத்தையும் நூல் மறைத்துவிடின், அவனுக்கு விஞ்ஞானம் என்பது பிறர் சொல்லக் கேட்டு ஒப்புவிக்கும் செய்தியாகவே முடியும்.

முறையின் அடிப்படை எளியது. மூலக்கூறு ஒவ்வொன்றும் தனக்குரிய அதிர்வுகளுக்கேற்பச் சில அலைநீளங்களிலுள்ள ஒளியை உறிஞ்சி, ஏனையவற்றைத் திருப்பிவிடும். நீர்ப் பனிக்கட்டி, கண்ணுக்குப் புலனாகாத செந்நிறக்கீழ்க் கதிர்களுள் 1.5 மைக்கிரோமீற்றர், 2.0 மைக்கிரோமீற்றர் ஆகிய அலைநீளங்களையடுத்து ஒளியை மிகுதியாக உறிஞ்சும். ஆகவே, ஒரு பொருளிலிருந்து வரும் ஒளியை நிறமாலையாக, அஃதாவது திருசியமாகப் பிரித்து நோக்கும்போது, அவ்விரு இடங்களிலும் பள்ளங்கள் காணப்படின், அங்கு நீர்ப் பனிக்கட்டி உண்டென்று கொள்ளலாம். 1972 ஆம் ஆண்டிற் பில்ச்சர், றிட்சுவே, மக்கோட் என்னும் மூவர் வியாழனின் உபகோள்களில் இப்பள்ளங்களை ஐயத்திற்கிடமின்றிக் கண்டனர். அதற்கு முன்னரே கைப்பர் முதலியோர் அவ்வாறிருக்கலாம் என்று கருதியிருந்தனர்.

அம்மூவரும் வெளியிட்ட எண்கள் ஊன்றி நோக்கத்தக்கவை. யூரோப்பாவின் மேற்பரப்பில் நூற்றுக்கு 50 முதல் 100 வரையும், கனிமீட்டில் 20 முதல் 65 வரையும் உறைபனியால் மூடப்பட்டிருக்கலாம் என்றனர். கலிஸ்ரோவைப் பற்றி, 5 முதல் 25 வரை இருத்தல் கூடும் என்று தயக்கத்துடன் எழுதினர். இருபதுக்கும் அறுபத்தைந்துக்கும் இடைப்பட்ட இடைவெளி பெரிது. அவ்விடைவெளியைக் கண்டு, இஃதென்ன விஞ்ஞானம் என்று நகைப்பவர் இருக்கலாம். உண்மையில் அவ்வாய்வின் சிறப்பு அந்த இடைவெளியிலேதான் அமைந்துள்ளது. ஒளியிலிருந்து பெறக்கூடியது அவ்வளவே என்று அவர்கள் அளந்து கூறினர். பிற்காலத்து நூல்கள் அவ்விடைவெளியை நீக்கிவிட்டு, "பனியால் மூடப்பட்டது" என்னுந் தொடரை மாத்திரம் வைத்துக்கொண்டன. அதே கட்டுரையில், அயோ என்னும் உபகோளும் மிக நுண்ணிய உறைபனித் துகள்களாற் போர்க்கப்பட்டிருக்கக்கூடும் என்றொரு கருத்தும் காணப்படுகின்றது. அயோவில் நீர்ப் பனிக்கட்டி இல்லை என்பதும், அங்குள்ள உறைபனி கந்தகவீரொட்சைட்டு என்பதும் 1979 இல் தெளிவாயின. பள்ளம் காணப்படாத இடத்திலும் பனியைக் கற்பிக்க முற்பட்டது மிகையே. எனினும் "கூடும்" என்று எழுதியவரை, "உண்டு" என்று எழுதியவரோடு ஒருங்கு வைத்தெண்ணல் நேர்மையன்று.

இனி, ஒளி கூறுவதில் ஏன் இத்தனை இடைவெளி? விடை துகள்களின் பருமனில் உள்ளது. நுவரெலியாவில் தை, மாசி மாதங்களில் சில விடியற்காலைகளிற் புல்லின்மீதும் தேயிலைக் கொழுந்தின்மீதும் உறைபனி படிவதுண்டு. அது மெல்லிய வெண்போர்வை. வெயில் ஏறியதும் மறைந்துவிடும். கொழுந்து மாத்திரம் கருகி நிற்கும். தொலைவிலிருந்து நோக்குபவனுக்கு அக்குன்று முழுவதும் பனிக்கட்டி என்றே தோன்றும். நுண்டுகள்கள் ஒளியைப் பலமுறை சிதறச் செய்து வெண்மையை மிகுவிக்கின்றன. பருந்துகள்களோ ஒளியை நெடுந்தூரம் தம்முட் செல்லவிட்டு, உறிஞ்சலை மிகுவிக்கின்றன. ஆதலால், சிறிதளவு பருந்துகட் பனியும், பெருமளவு நுண்டுகட் பனியும் சில வேளைகளில் ஏறத்தாழ ஒரே ஆழமுள்ள பள்ளத்தைத் தரக்கூடும். கரிபோன்ற கருந்தூள் சிறிதளவு பனியுடன் நெருங்கிக் கலந்துவிடின், பனியின் அடையாளமே பெரிதும் மறைக்கப்படும். கலிஸ்ரோவின் சராசரி அடர்த்தி கன சென்டிமீற்றருக்கு ஏறத்தாழ 1.8 கிராம். அவ்வளவு குறைந்த அடர்த்தி, அதன் உட்பகுதியிற் பனிக்கட்டி பெரும்பங்கு வகிக்கின்றது என்பதைக் காட்டும். அதன் முகமோ கருமையானது. செந்நிறக்கீழ்க் கதிர் ஒரு பொருளின் மேலீடான மிகச் சிறு ஆழத்தையே கண்டு திரும்புகின்றது என்பதை மறந்தவர்க்கு இவ்விரண்டும் முரணாகத் தோன்றும்.

துகள்களுக்கிடையே ஒளி பலமுறை சிதறிச் செல்லும் இச்சிக்கலைக் கணிதத்தால் அவிழ்த்தவர், சென்னை மாநிலக் கல்லூரியிற் பயின்ற சுப்பிரமணியன் சந்திரசேகர் ஆவார். விண்மீன்களின் வளிமண்டலங்களை மனத்திற் கொண்டு, கதிர்வீச்சுச் செல்கை பற்றி அவர் 1950 இல் வெளியிட்ட பெருநூலிலே, பலமுறைச் சிதறலைக் கணிக்கும் சார்புகள் இடம்பெற்றுள்ளன. 1981 இல் புரூசு ஹப்கே என்பார் தூள் மூடிய மேற்பரப்புக்களின் ஒளித் தெறிப்புக்கு ஒரு சமன்பாடு வகுத்தபோது, அச்சார்புகளையே எளிமைப்படுத்திக் கையாண்டார். இன்று பனியுலகங்களின் நிறமாலையைப் பொருத்திப் பார்ப்போர் பலரும் ஹப்கேயின் முறையையே பின்பற்றுகின்றனர். சந்திரசேகரின் பெயர் வெண்குறுமீன்களின் நிறை வரம்பு தொடர்பாக மட்டுமே நம்மவரிடையே பேசப்படுகின்றது. உறைபனிக்கும் அவருக்கும் உள்ள தொடர்பு குறிக்கப்படாதது வியப்பே. எனினும் ஒன்று கூறல் வேண்டும். சமன்பாடு நுட்பமானதாயினும், அதனுட் செலுத்தப்படும் துகட் பருமன், கலப்பு விகிதம், பொருள்களின் ஒளியியல் மாறிலிகள் என்பன ஆய்வாளரின் தெரிவுக்கு உட்பட்டவை. பொருத்தம் அழகாக அமைந்துவிட்டது என்பதனால், தெரிவு ஒன்றே ஒன்றுதான் என்று ஆகிவிடாது.

இவ்விடத்திற் காவலூரின் வரலாற்றை எடுத்தாராய்தல் பொருந்தும். தமிழ்நாட்டின் சவ்வாது மலையிலுள்ள அச்சிற்றூரில், வைனு பாப்புவின் முயற்சியால் 102 சென்டிமீற்றர் தொலைகாட்டி ஒன்று 1972 இல் நிறுவப்பட்டது. அவ்வாண்டு யூன் 7 ஆந் திகதி, கனிமீட் ஒரு மங்கலான விண்மீனுக்குக் குறுக்கே சென்று அதனை மறைத்தது. காவலூரிலும், இந்தோனேசியாவின் இலெம்பாங்கிலும் அம்மறைப்பு நோக்கப்பட்டது. வளிமண்டலமற்ற ஓர் உருண்டை விண்மீனை மறைக்குமாயின், ஒளி வெட்டினாற்போல் அற்றுவிடும். வளிமண்டலமிருப்பின், அது ஒளியை வளைத்துப் பரப்புவதனால் மங்கல் படிப்படியாக நிகழும். பதிவில் ஒளி உடனடியாக அறவில்லை என்று கண்ட காள்சன், பட்டாச்சாரியா முதலிய ஒன்பதின்மர், கனிமீட்டுக்கு வளிமண்டலம் உண்டென்றும், அதன் தரையமுக்கம் ஒரு மில்லிபாரின் ஆயிரத்திலொரு பங்கினும் மேற்பட்டது என்றும் 1973 இல் வெளியிட்டனர். பூமியின் வளியமுக்கத்தில் அது ஏறத்தாழப் பத்து இலட்சத்திலொரு பங்கு. அதே பதிவிலிருந்து கனிமீட்டின் ஆரை ஏறத்தாழ 2635 கிலோமீற்றர் என்றும் கணித்தனர்.

1979 இல் வொயேச்சர் 1 வியாழனைக் கடந்து சென்றது. அதன் ஊதாக்கடந்த கதிர் நிறமாலைமானி, கனிமீட் மற்றொரு விண்மீனை மறைத்ததை அருகிலிருந்து நோக்கியது. வளிமண்டலம் எதுவும் அதற்குப் புலப்படவில்லை. இருந்தால், முன்னர்க் கூறப்பட்ட அமுக்கத்தில் நாற்பதினாயிரத்திலொரு பங்கினும் குறைவாகவே இருத்தல் வேண்டும் என்று முடிவாயிற்று. ஆரையோ அசையவில்லை, இன்று ஏற்கப்படும் அளவு 2634 கிலோமீற்றர். ஒரே இரவில், ஒரே மறைப்பின்போது பதிந்த ஒளியிலிருந்து பெற்ற இரு முடிவுகளுள் ஒன்று நிலைத்தது, மற்றொன்று வீழ்ந்தது. காரணம் அறிதற்கரியதன்று. ஆரை, ஒளி எப்போது மறைந்தது, எப்போது மீண்டது என்னும் நேரத்தைச் சார்ந்தது. வளிமண்டலமோ, அது எவ்வாறு மறைந்தது என்னும் நுண்ணிய வடிவத்தைச் சார்ந்தது. விண்மீனினும் ஒளிமிக்க கனிமீட்டும், அதனருகே வியாழனின் பேரொளியும் இருக்கையில், அவ்வடிவத்தின்மீது அத்துணைப் பாரத்தைச் சுமத்தியிருத்தல் கூடாது.

கதை அத்துடன் முடியவில்லை. 1990களில் ஹபிள் விண்வெளித் தொலைகாட்டி, கனிமீட்டைச் சூழ மிக மெலிந்த ஒட்சிசன் உறை ஒன்றுண்டெனக் கண்டது. வியாழனின் காந்தப்புலத்திற் சுழலும் மின்னேற்றத் துகள்கள் பனிக்கட்டியைத் தாக்கி உடைப்பதனால் அவ்வொட்சிசன் பிறக்கின்றது. இதனைக் கொண்டு, "காவலூர் கூறியது இறுதியில் மெய்யாயிற்று" என்று கூற விழைவோர் உண்டு. அது பொருந்தாது. காவலூர்ப் பதிவு காட்டியதாகக் கூறப்பட்ட வளிமண்டலம் வேறு. பின்னர்க் காணப்பட்டது அதனினும் பல்லாயிர மடங்கு மெலிந்தது. அதனைக் காவலூரின் கருவி ஒருபோதும் கண்டிருக்க முடியாது. சிவனொளிபாதத்தின் நிழலைப் போன்றதே இதுவும்.

1977 மார்ச் 10 ஆந் திகதி நிகழ்ந்த யுரேனசின் மறைப்பு இதற்கு இணையாக வைத்து நோக்கத்தக்கது. அன்று கோள் ஒரு விண்மீனை நெருங்கியபோது, காவலூரிற் பட்டாச்சாரியாவும் குப்புசாமியும் விண்மீனின் ஒளி சிறிது நேரம் மங்கியதைப் பதிந்தனர். யுரேனசுக்குப் புதிய உபகோள் ஒன்று உண்டு என்னும் தலைப்பிலேயே அவர்களின் முதற் குறிப்பு வெளிவந்தது. அதேவேளை, வானூர்தியிலமைந்த தொலைகாட்டியிலிருந்து நோக்கிய எலியற்றும் அவர் தோழரும் கோளின் இருபுறத்தும் ஒத்த மங்கல்களைக் கண்டு, அவை வளையங்கள் என்று தெளிந்தனர். பின்னர்ப் பட்டாச்சாரியாவும் பாப்புவும் காவலூர்த் தரவைக்கொண்டு வளையத் தொகுதிபற்றி எழுதினர். யுரேனசின் வளையங்களைக் கண்டவருட் காவலூராரும் உளர் என்பது இன்று பெருமையாகப் பேசப்படுகின்றது. பேசப்படல் தகும். ஆயின் கனிமீட்டின் வளிமண்டலம் அவ்வாறு பேசப்படுவதில்லை. அது வீழ்ந்த முடிவு என்பதே காரணம். இரண்டிலும் காவலூர் செய்தது ஒன்றே: ஒளியை நேர்மையாகவும் நுட்பமாகவும் பதிந்தது. இரண்டிலும் முதல் வாசிப்பு திருத்தப்பட்டது. ஒன்றைப் போற்றி மற்றொன்றை மறைப்பது, வாசிப்பைப் போற்றிப் பதிவைப் புறக்கணிப்பதாகும். மாணவர் கையிற் கொடுக்கத்தக்க பாடம் யுரேனசிலும் பார்க்கக் கனிமீட்டிலேயே மிகுதி.

நிறமாலையில் உரக்கத் தோன்றுவதே பொருளிலும் மிகுதியானது என்று கொள்வது மற்றொரு பிழை. 1976 இற் குறூக்சாங், பில்ச்சர், மொறிசன் என்போர் புளூட்டோவில் மெதேன் உறைபனியைக் கண்டனர். அதனால் அதன் மேற்பரப்பு ஒளிமிக்கதாதல் வேண்டும், ஆகவே புளூட்டோ முன்பு கருதியதிலும் சிறியதாதல் வேண்டும் என்று அவர் உய்த்துணர்ந்தது மிகச் சரியாயிற்று. அது முதலாகப் புளூட்டோ மெதேன் உலகம் என்றே எழுதப்பட்டு வந்தது. 1993 இல் ஓவென் முதலியோர் அங்குப் பெரும்பான்மையானது நைதரசன் பனிக்கட்டி என்றும், மெதேனும் காபனோரொட்சைட்டும் அதனுட் சிறிதளவே கலந்தவை என்றும் காட்டினர். மெதேன் மூலக்கூறு ஒளியை வலிதாக உறிஞ்சுவது. நைதரசன் மூலக்கூறோ சமச்சீருடையதாகலின் மிக மெலிதாகவே உறிஞ்சும். 2.15 மைக்கிரோமீற்றரில் அது விடுக்கும் மெல்லிய அடையாளம் கண்ணிற் படுவதற்கு, ஒளி அப்பனிக்கட்டியினுள்ளே நெடுந்தூரம் சென்று மீளவேண்டும். 2015 யூலை 14 இல் நியூ ஹொறைசன்சு விண்கலம் புளூட்டோவைக் கடந்தபோது, பரந்த நைதரசன் பனிச்சமவெளி அதன் படங்களிற் கண்கூடாயிற்று.

குவாவோர் என்னும் பொருளைப் பற்றியும் ஒரு சொல். 2004 இல் அதன் நிறமாலையில் 1.65 மைக்கிரோமீற்றர் அடையாளங் கண்டு, அங்குள்ள பனிக்கட்டி பளிங்குருவானது என்று அறிந்தனர். அத்துணைக் குளிரிற் பளிங்குருவான பனி நெடுங்காலம் நிலைக்காது. ஆகவே அண்மைக் காலத்தில் உள்ளிருந்து வெப்பம் எழுந்திருத்தல் வேண்டும் என்று மேலும் உய்த்துணர்ந்தனர். பளிங்குருவான பனி அத்தகைய பல பொருள்களிலும் காணப்பட்டபோது, அவ்வுய்த்துணர்வு வலிவிழந்தது. அடையாளம் இன்றும் நிலைக்கின்றது.

பனியுலகங்கள் பலவற்றின் செந்நிறத்துக்குக் கூறப்படும் விளக்கமே இத்துறையில் மிகவும் ஐயத்துக்குரியது. காசியிற் பிறந்த பிசுன் கரேயும் காள் சேகனும், மெதேன் முதலிய எளிய வாயுக்களின்மீது மின்பொறியும் கதிர்வீச்சும் செலுத்தி, செங்கபில நிறமுடைய பசைப்பொருளைப் பெற்றனர். அதற்கு, கலங்கல் என்று பொருள்படும் கிரேக்கச் சொல்லிலிருந்து 'தோலின்' எனப் 1979 இற் பெயரிட்டனர். பரிசோதனை சிறந்தது, இலங்கையின் காலியிற் பிறந்து, சென்னைப் பல்கலைக்கழகத்தில் மெய்யியற் பட்டம் பெற்று, பின் இரசாயனம் பயின்று புகழ்பெற்ற சிரில் பொன்னம்பெருமவும் இவ்வகைப் பரிசோதனைகளில் உழைத்தவரே. குற்றம் பெயரில் உள்ளது. தோலின் என்பது ஒரு சேர்வையன்று. எண்ணற்ற சேர்வைகளின் கலவைக்கு இடப்பட்ட பொதுப் பெயர். "அவ்வுலகம் சிவந்திருப்பது ஏன்? தோலின் இருப்பதால். தோலின் என்பது யாது? அவ்வுலகங்களைச் சிவப்பாக்கும் பொருள்" என்று வினாவும் விடையும் ஒன்றையொன்று சுற்றும் நிலை பல கட்டுரைகளிற் காணப்படுகின்றது. கலங்கல் என்று பெயரிட்டவர்கள் தம் அறியாமையை மறைக்கவில்லை. பின்வந்தோரே அப்பெயரைப் பொருளாகக் கொண்டனர்.

யூரோப்பாவின் வழக்கு இன்னும் தீராதது. அதன் மேற்பரப்பிற் சில பகுதிகளில், நீர்ப் பனிக்கட்டியின் பள்ளங்கள் ஒருபுறம் சரிந்து உருத்திரிந்து காணப்படுகின்றன. கலிலியோ விண்கலத்தின் நிறமாலைமானி கண்ட இத்திரிபுக்கு, மகனீசியம் சல்பேற்று முதலிய நீரேறிய உப்புக்களே காரணம் என்று 1998 இல் மக்கோட் முதலியோர் கூறினர். அடுத்த ஆண்டே காள்சன் முதலியோர், உப்பு வேண்டியதில்லை, நீரேறிய சல்பூரிக்கமிலமே அதனை விளக்கும் என்றனர். அயோவின் எரிமலைகளிலிருந்து வந்த கந்தகம் யூரோப்பாவின் பனியிற் புதைந்து, கதிர்வீச்சால் அமிலமாகின்றது என்பது அவர் கருத்து. இக்காள்சன், 1973 ஆம் ஆண்டுக் கனிமீட் கட்டுரையின் முதலாசிரியரே. இளமையில் ஒரு பதிவைச் சற்று மிகைப்பட வாசித்தவர், பின்னாளில் மற்றவர் மிகை வாசிப்புக்கு மாற்றுரை கூறியமை நினைவிற் கொள்ளத்தக்கது.

இவ்விரு விளக்கங்களுக்கும் இடையிலுள்ள வேறுபாடு சிறிதன்று. உப்பாயின், அது பனியோட்டின் கீழுள்ள கடலிலிருந்து வந்தது. மேற்பரப்பு கடலின் செய்தியைத் தாங்கியுள்ளது. அமிலமாயின், அது அயலிலிருந்து விழுந்தது. கடலைப் பற்றி அது எதுவும் கூறாது. நல்லதண்ணி என்னும் ஊர்ப்பெயரை வழங்குவோர் நன்னீர்க்கும் உவர்நீர்க்கும் உள்ள வேறுபாட்டை நன்கறிவர். யூரோப்பாவின் கடல் எவ்வகை உவரை உடையது என்பதே அங்கு உயிர் வாழ்தல் கூடுமா என்னும் வினாவின் நுழைவாயில். 2013 இல் பிரௌனும் ஹான்டும், மகனீசியம் சல்பேற்றின் அடையாளம் கந்தகம் வந்து விழும் பின்பக்கத்தில் மாத்திரமே காணப்படுகின்றது என்று காட்டி, அதுவும் கதிர்வீச்சின் விளைபொருளாகலாம் என்றனர். அவ்வாறாயின் கடலின் உப்பு எங்கே?

சோடியங் குளோரைட்டு, அஃதாவது கறியுப்பு, தூய நிலையிற் செந்நிறக்கீழ் ஒளியில் எவ்வித அடையாளமும் தராது. ஆனால் இலத்திரன்கள் தாக்கியபின், பளிங்கில் ஏற்படும் ஊறுகளால் மஞ்சட்கபில நிறம் பெறும் என்று ஆய்வுகூடத்தில் ஹான்டும் காள்சனும் 2015 இற் காட்டினர். 2019 இல் ஹபிள் தொலைகாட்டியாற் கண்ணுக்குப் புலனாகும் ஒளியிலேயே, 0.45 மைக்கிரோமீற்றரில், அவ்வூறின் அடையாளம் யூரோப்பாவின் தாரா என்னும் பகுதியிற் காணப்பட்டது. 2023 இல் ஜேம்ஸ் வெப் தொலைகாட்டி அதே பகுதியிற் காபனீரொட்சைட்டு செறிந்திருப்பதைக் கண்டது. இருவேறு கருவிகள், இருவேறு அலைநீளங்கள், இருவேறு பொருள்கள். இடம் மாத்திரம் ஒன்று. அவ்விடம் நிலக்குலைவுற்ற புதுப் பரப்பு என்பதும் முன்னரே படங்களால் அறியப்பட்டது. ஒரு நிறமாலைப் பள்ளத்தின்மீது எழுப்பிய முடிவினும் இத்தகைய ஒருமைப்பாட்டின்மீது எழுப்பிய முடிவு வலியது. கடலிலிருந்து உப்பு எழுந்துள்ளது என்பதற்கு இன்றுள்ள சான்றுகளுள் இதுவே தலைசிறந்தது எனத் துணிந்து கூறலாம்.

இவ்வெற்றிக்கு வழிவகுத்தது ஆய்வுகூடமே என்பதை வற்புறுத்தல் வேண்டும். ஊறுபட்ட உப்பின் நிறத்தை எவரும் முன்னர் அளந்திராவிடின், ஹபிளின் பதிவு பொருளற்ற வளைகோடாகவே இருந்திருக்கும். விக்கிரம் சாராபாய் 1947 இல் அகமதாபாத்தில் நிறுவிய பௌதிக ஆய்வுகூடத்திலும் இன்று மிகத் தாழ்ந்த வெப்பநிலையிற் பனிக்கட்டிகளை உருவாக்கி, கதிர்வீச்சுக்குட்படுத்தி, நிறமாலை அளக்கும் பணி நடைபெறுகின்றது. விண்கலம் ஏவுதல் போன்று இப்பணி நாளிதழ்களில் இடம்பெறுவதில்லை. ஆயினும் வாசிப்புக்கு அகராதி இதுவே.

அகராதி வளருந்தோறும் பழைய உலகங்களும் புதியனவாகின்றன. ஜேம்ஸ் வெப் தொலைகாட்டியால் நோக்கப்பட்ட நெப்தியூனுக்கு அப்பாலுள்ள 59 பொருள்களுள் 56 இற் காபனீரொட்சைட்டுப் பனிக்கட்டி காணப்பட்டது எனும் செய்தி 2024 இல் வெளியாயிற்று. தரையிலுள்ள தொலைகாட்டிகளுக்கு அது புலப்படாமைக்குக் காரணம், பூமியின் வளிமண்டலத்திலுள்ள அதே காபனீரொட்சைட்டு அவ்வலைநீளத்தைத் தடுத்துவிடுவதே. நோக்குவோன் நிற்கும் இடமும் காட்சியின் ஒரு கூறு என்பதற்கு இதனினும் தெளிவான எடுத்துக்காட்டுக் கிடைப்பதரிது.

கனிமீட்டைப் பற்றிய அண்மைச் செய்தி 2021 இற் கிடைத்தது. அவ்வாண்டும் யூன் 7 ஆந் திகதியிலேயே, காவலூர் நோக்கிய நாளுக்குச் சரியாக நாற்பத்தொன்பது ஆண்டுகள் கழித்து, ஜூனோ விண்கலம் கனிமீட்டை ஏறத்தாழ ஆயிரங் கிலோமீற்றர் தொலைவிற் கடந்தது. அதன் செந்நிறக்கீழ் நிறமாலைமானி நீரேறிய சோடியங் குளோரைட்டு, அமோனியங் குளோரைட்டு, சோடியமிருகாபனேற்று ஆகியவற்றின் அடையாளங்களையும், சில சேதனச் சேர்வைகளின் அடையாளங்களையும் கண்டதாக 2023 இல் வெளியிடப்பட்டது. சேதனச் சேர்வைகளைப் பற்றி ஆசிரியர்கள் "இருக்கலாம்" என்றே எழுதினர். செய்தியிதழ்கள் அச்சொல்லை நீக்கியே தலைப்பிட்டன.

தேயிலையின் தரத்தை மதிப்பிடுவோன் காய்ந்த இலையின் நிறத்தைப் பார்ப்பதோடு நின்றுவிடுவதில்லை. கொதிநீர் ஊற்றிச் சாயத்தை நோக்கி, இறுதியில் வாயிலிட்டுச் சுவைத்தே விலை கூறுவான். 2024 ஒக்டோபர் 14 இல் ஏவப்பட்ட யூரோப்பா கிளிப்பர் அவ்வாறு சுவைக்குங் கருவியொன்றைத் தாங்கிச் செல்கின்றது. நுண்கற்கள் மோதுவதால் யூரோப்பாவிலிருந்து மேலெழும் பனித்துகள்களை அது ஏற்று, அவற்றின் மூலக்கூறுகளை நிறைவாரியாகப் பிரித்தறியும். 2030 இல் அக்கலம் வியாழனை அடையுமாறு வகுக்கப்பட்டுள்ளது. ஐரோப்பியரின் ஜூஸ் என்னுங் கலம் 2023 ஏப்பிரல் 14 இற் புறப்பட்டது. 2034 இன் இறுதியிற் கனிமீட்டைச் சுற்றத் தொடங்கும் என எதிர்பார்க்கப்படுகின்றது. அதிலுள்ள ஊதாக்கடந்த கதிர் நிறமாலைமானி, கனிமீட்டின் விளிம்பில் விண்மீன்கள் மறைவதை நோக்கி அதன் மெல்லிய உறையை அளக்கவுள்ளது. 1972 இற் காவலூரிற் கையாளப்பட்டதும் அதே முறையே.